தாரை வார்த்த இடத்தில் நின்ற படம்

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோலம் மாதிரி. பார்த்தால் அடையாளம் தெரியும், வாசிக்க வராது. ஆனாலும் கடலுக்கு இந்தக் கரையில் டத்தோ கிராமாட்டிலிருந்து அந்தக் கரையில் பாகான் டாலாம் வரைக்கும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நான் ஒட்டிய கல்யாண வீடியோ இருக்கிறது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'வீடியோக்கார அக்கா' என்றால் தெரியும்.

என் வீட்டுக்காரர் கேமரா பிடிப்பார். நான் ஒட்டுவேன். கேசட் காலத்தில் எங்கள் மேசைமேல் இரண்டு மெஷின் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் ஓடவிட்டு, வேண்டிய இடம் வரும்போது மற்றதில் பதிவுப் பொத்தானை அமுக்க வேண்டும். கை கொஞ்சம் பிந்தினாலும் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்திருப்பார். என் கை பிந்தியதில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. "இது நமக்கு ஆகாதும்மா" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். நான் ஒதுங்கவில்லை. எந்தப் படத்தை அமுக்கினால் வெட்டும், மேலிருந்து எத்தனையாவது வரியை அமுக்கினால் சேமிக்கும் என்று இடம் பார்த்தே பழகிக்கொண்டேன். புதிதாக ஏதாவது வந்து அந்த இடமெல்லாம் மாறிப்போனால், என் அடுப்படிச் சாமானை யாரோ நகர்த்தி வைத்த மாதிரி நாலு நாள் தடவுவேன். அப்புறம் அதுவும் பழகிவிடும்.

என்னிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மணவறைக்கு வந்து அட்சதை போட்ட ஒருவரையும் நான் விட மாட்டேன். தொழில் ஆரம்பித்த புதிதில் ஓர் அம்மாள் அப்போதிருந்த எங்கள் கடைக்கே வந்து, "ஏம்மா, நாங்க அந்தக் கல்யாணத்துக்கு வரலியா? அரிசிய நாங்க போடலியா?" என்று கேட்டார். அவர் நின்றிருந்த துண்டை நான் நீளம் என்று எடுத்துவிட்டிருந்தேன். கல்யாண வீடியோவிலிருந்து ஒருவரை எடுத்துப் போடுவது, பந்தியிலிருந்து எழுப்பிவிடுவது மாதிரி என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு என் கேசட் மூன்று மணி நேரம் ஓடினாலும் சரி, எல்லா முகமும் இருக்கும்.

இப்போது யார் மூன்று மணி நேரம் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் சின்னதாகக் கேட்கிறார்கள். என் தங்கை மகளும் அப்படித்தான் கேட்டாள். "பெரியம்மா, பத்து நிமிசத்துக்குள்ள முடிச்சிருங்க. கல்யாணம் முடிஞ்சு வர்ற டின்னர்ல போடணும். எல்லாரும் தூங்கிறக் கூடாது."

அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கை பாகான் டாலாமில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தவறிப் பல வருடம் ஆகிறது. அந்தத் துக்க வீட்டில் அவருடைய அண்ணனுக்கும் என் தங்கைக்கும் வார்த்தை தடித்துப் போனது. அன்றைக்குப் போனவர், தம்பி வீட்டு வாசல்படி திரும்ப ஏறவில்லை. தீபாவளிக்கும் இல்லை, திதிக்கும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் கூடியபோது தாரை வார்த்துக் கொடுக்க ஆள் வேண்டுமே? அப்பா இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பாதான் நின்று செய்ய வேண்டும். கல்யாணப் பெண்ணே தாம்பூலத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போய், "நீங்க வராட்டி யாரு பெரியப்பா என் கையப் பிடிச்சுக் குடுப்பா?" என்று கேட்டாள். மனிதர் வந்துவிட்டார். அவர் வந்ததால் அந்தப் பக்கத்துச் சொந்தம் மொத்தமும் திரண்டு வந்தது.

கோயிலில் மனைவியோடு நின்று, பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, செம்புத் தண்ணீரை ஊற்றினார். என் தங்கை தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எல்லாம் முடிந்தபின் அவர் நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா, நான் தாரை வார்த்தது வீடியோல வந்திருக்குமா? முன்னால ஒரே கூட்டம், கேமராவ மறைச்சுக்கிட்டு நின்னாங்களே?"

"நான் இருக்கேன் அண்ணே. வரும். டின்னர்ல பாப்பீங்க" என்றேன்.

சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்குவதில்லை.

கூலிக்கு வைத்த கேமராக்காரர் எடுத்ததைப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் முதுகுகள்தான். நல்லவேளையாக மாப்பிள்ளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாற்காலிமேல் ஏறி நின்று போனில் பிடித்திருந்தாள். ஒரே துண்டு, நீளமாக, ஆடாமல். அதன் கடைசியில் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம்தான் குறை. அந்தத் துண்டை நான் வெட்டாமல் முழுசாக வைத்தேன். சுற்றிலும் மல்லிகைப் பூ ஓரம் கொடுத்து, பின்னால் சந்தன நிறத்தில் ஒரு துணி விரித்த மாதிரி செய்து, நாதஸ்வரத்தைக் கீழே மெல்ல ஓடவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஓடவிட்டால் ஓடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரையின் கீழ்ப்பாதியில் டைம்லைன் என்று நீளமாக ஒரு இடம் இருக்கும். துண்டு துண்டான படங்களை அதில் இடமிருந்து வலமாக வைப்போம். ஒன்றின்மேல் ஒன்றாகவும் வரிசை வரிசையாக அடுக்கலாம். மேல் வரிசையில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் வைத்தபிறகு கம்ப்யூட்டர் அதை வேகவைத்து ஒரே படமாக்கித் தர வேண்டும். அதைத்தான் ரெண்டர் என்கிறார்கள். வெந்த இடத்துக்கு மேலே பச்சைக் கோடு, வேகாத இடத்துக்கு மேலே சிவப்புக் கோடு. எனக்கு எழுத்து வேண்டாம், அந்த நிறம் போதும்.

கோயில் வாசல் பச்சை. மாலை மாற்றியது பச்சை. தாரை வார்க்கும் இடத்துக்கு வந்ததும் சிவப்பு. பெரியப்பா செம்பைச் சாய்ப்பார், தண்ணீர் விழாது. அப்படியே நிற்பார். சத்தம் மட்டும் ஓடும். கொஞ்ச நேரத்தில் எல்லாமே தானாக மூடிக்கொள்ளும். திறந்து திரும்ப வேகவைத்தால் திரும்பவும் அதே இடம்.

கம்ப்யூட்டரை அணைத்து ஆறவைத்தேன். ஏர்கோனைப் போட்டுவிட்டு மேசை ஃபேனையும் அதன் பக்கம் திருப்பி வைத்தேன். ஆகவில்லை. எனக்கு இங்கிலீஷில் படிக்க வராது, தமிழில் கேட்க வரும். தமிழ்நாட்டில் ஒருவர் இந்த வேலையைப் பற்றித் தமிழிலேயே பேசிப் போடும் வீடியோக்களைப் போனில் கேட்பேன். அவர் சொன்னபடி, கம்ப்யூட்டர் தனக்கென்று சேர்த்து வைத்திருந்த பழைய துண்டுகளை எல்லாம் துடைத்தேன். போனில் எடுத்த படம் ஒரே வேகத்தில் ஓடாது, ஒரு நேரம் வேகமாகவும் ஒரு நேரம் மெதுவாகவும் பதிவாகியிருக்கும், அதைக் கேமராப் படம் மாதிரி சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். மாற்றினேன். பூ ஓரத்தை எடுத்துப் பார்த்தேன். வேறு நாதஸ்வரம் வைத்தேன். பெரியப்பா செம்பைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"புதுசா ஒன்னு வாங்கிரலாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். கண்புரை வந்ததிலிருந்து அவருக்குத் திரை சரியாகத் தெரியாது. ஆனாலும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. இத்தன வருசமா எனக்கு அடங்கி நடந்தது, இப்ப மட்டும் என்னவாம்?"

"என்னைய மாதிரின்னு சொல்லு" என்றார்.

கல்யாண விருந்து டின்னர் சனிக்கிழமை, அந்தக் கரையில் செபராங் ஜெயாவில் ஒரு மண்டபத்தில். வியாழக்கிழமை மத்தியானம் என் தங்கை ஃபெர்ரி பிடித்து வந்துவிட்டாள். கையில் எங்களுக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். உள்ளே நுழையும்போதே கேட்டாள்.

"என்னக்கா, கம்ப்யூட்டர் ரோசாக்கா?"

"ரோசாக்கும் இல்ல, கெட்டும் போகல. ஒரே ஒரு இடத்துல நிக்குது."

"எங்க?"

காட்டினேன். பெரியப்பா செம்போடு நின்றார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அதானே! எங்க வாசப்படி ஏறவே அந்த மனுசனுக்கு இத்தன வருசம் ஆச்சு. உன் வீடியோல மட்டும் உடனே வந்துருவாராக்கும்? மெஷினுக்குக்கூட அவரப் புடிக்கல பாரு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவளும் அந்தச் சிரிப்பில் நிற்கவில்லை.

"அந்த எடத்த வெட்டிரு அக்கா. கூட்டம் மறைச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்லா."

"வரும்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன்."

"உனக்கு உன் வீராப்பு!"

"ஆமா, வீராப்புத்தான். அது இல்லாமத்தான் இத்தன கல்யாணத்த ஒட்டினேனா?"

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"அவரு முகம் வராட்டி வேணும்னே எடுத்துட்டோம்னு நெனைப்பாருக்கா. திரும்பவும் பேச்ச விட்டுருவாரு. அதுக்குப் பயந்து போட்டு, சம்பந்தி வீடு முழுக்கப் பாக்கறப்ப அவரு இப்படிச் செம்போட பொம்ம மாதிரி நின்னா, அது இன்னும் கேவலம். பொண்ணும் போயிருச்சு. அந்த வீட்டுல நான் ஒருத்திதான். அந்தப் பக்கத்துல எனக்குன்னு அவர விட்டா யாரு இருக்கா? நான் என்ன செய்யறது, நீயே சொல்லு."

சின்ன வயதிலிருந்து அவள் என்னிடம் இப்படிக் கேட்டால் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. "சாப்புடு. பாக்குறேன்" என்றேன்.

அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். நான் திரும்ப மேசைக்குப் போனேன்.

டைம்லைனில் ஒவ்வொரு வரிசையின் தலையிலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதை அமுக்கினால் கண் மூடிக்கொள்ளும். அந்த வரிசை இல்லாத மாதிரி ஆகிவிடும். அழியாது, மறைந்திருக்கும். எல்லோரும் பெரியப்பாவைத்தானே சொல்கிறார்கள், அவரையே முதலில் பார்ப்போம் என்று அவருடைய வரிசையின் கண்ணை மூடினேன். வெறும் சந்தனத் துணி மட்டும் தெரிந்தது. வேகவைத்தேன்.

அதே இடத்தில் நின்றது.

"இங்க வா" என்று தங்கையைக் கூப்பிட்டேன். "அவரு இல்லாமலே நிக்குது பாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

எச்சில் கையோடு வந்து நின்றாள். "அப்ப யாரு மேல?"

 எனக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்துவிட்டது. அடியில் இருந்த வரிசைகளின் கண்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தேன். திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை; அவர்கள் யாரும் வெளியே தெரிகிறவர்கள் இல்லையே. எல்லாக் கண்ணையும் மூடிவிட்டுப் பெரியப்பாவின் கண்ணை மட்டும் திறந்தேன். வேகவைத்தேன். சிவப்புக் கோடு ஓரத்திலிருந்து பச்சையாக மாறிக்கொண்டே வந்து முடிந்தது. செம்பு சாய்ந்தது. தண்ணீர் விழுந்தது. குழந்தைகூட அழுதது.

"வந்துருச்சு!" என்று கத்தினாள் தங்கை. அப்புறம், "ஆமா, அடியில என்னத்த வச்சிருந்த?" என்றாள்.

ஒரு கண்ணைத் திறந்து, மேலே இருந்ததை விலக்கிக் காட்டினேன். அவளுடைய நாத்தனார் அட்சதை போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்ததில் மாப்பிள்ளையின் சித்தப்பா. அடுத்ததில் பாசாரில் அவளுக்கு மீன் விற்கும் அம்மாள்.

"இவங்களையெல்லாம் எதுக்கு அடியில போட்டு வச்சிருக்க?"

"பத்து நிமிசத்துல முடிக்கச் சொன்னா உன் மக. நான் யாரையும் எடுத்துப் போட மாட்டேன். அதான் எல்லாரையும் இவருக்கு அடியில வச்சேன். இதுதான் இருக்கறதுலயே நீளமான துண்டு, எடம் நெறைய இருந்துச்சு."

"அடியில இருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எச்சில் கை என்பதும் மறந்து போனது.

என் வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "எல்லாரும் பளிச்சுன்னு இருக்காங்களே. பவுடர் வேற போட்டியா?"

போட்டிருந்தேன். மணவறையில் வெளிச்சம் சரியில்லை, எல்லோரும் கருத்துத் தெரிந்தார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் ஒரு முகம் கருத்துக் கிடக்கலாமா? ஒவ்வொரு முகமாக வெளிச்சம் கொடுத்து, நிறம் சரிசெய்து, பிசிறைத் துடைத்து வைத்திருந்தேன். அங்கேதான் வினை. மேலே துணி போட்டு மூடியிருக்கிறதே என்று என்னுடைய கம்ப்யூட்டர் சும்மா விடாது. அடியில் இருக்கும் அத்தனை பேரையும் ஒவ்வொருவராக வெளுத்து, அதற்குமேல் துணியை விரித்து, அதற்குமேல் பெரியப்பாவை நிறுத்தி, அவரைச் சுற்றிப் பூவையும் வைத்து, இத்தனையும் ஒவ்வொரு நொடிக்கும் செய்து பார்த்தது. மூச்சு முட்டி நின்றது. கேசட் காலத்தில் பதியாதது என்றால் இல்லாததுதான். இதில் அப்படியில்லை, கண் திறந்திருந்தால் அடியில் மறைந்திருந்தாலும் கணக்குத்தான். மற்றக் கல்யாணங்களிலும் இப்படி வைத்ததுண்டு. அப்போதெல்லாம் ஒருசிலர்தான், அது தாங்கிக்கொண்டது. இந்த முறை பெரியப்பா வந்ததால் சொந்தம் மொத்தமும் வந்திருந்ததே.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அதைப் பிடித்ததும் நான்தான். சொல்வதென்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சரி, அவங்களத் தூக்கிரு. வேல முடிஞ்சுச்சு" என்றாள் தங்கை.

நான் மவுஸின்மேல் கையை வைத்தேன். மீன்கார அம்மாள் திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று விடியற்காலை வியாபாரத்தை விட்டுக் கடையைச் சாத்திவிட்டு, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவள். கை போகவில்லை.

"முடியாது" என்றேன்.

"அய்யோ, இவளோட!" தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். "ஏங்க்கா, எல்லாரும் சாப்புடுற நேரத்துல அந்தத் திரை சும்மாதானே கெடக்கும்?"

யோசனை அவளுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஒட்டியது நான். தனியாக இன்னொரு டைம்லைன் போட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக எல்லோரையும் வரிசையில் வைத்தேன். அடுக்கு இல்லை, பூ ஓரம் இல்லை. பவுடரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டு வருவதற்குள் முழுக்கப் பச்சையாகியிருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் பெரியப்பா முன் மேசையில் உட்கார்ந்திருந்தார், பட்டு ஜிப்பா போட்டு. என் தங்கை இரண்டு மேசை தள்ளி, தண்ணீர் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். விளக்கைக் குறைத்துப் படத்தைப் போட்டார்கள். கோயில் வாசல் வந்தது, மாலை வந்தது. அந்த இடம் வருவதற்கு முன்னால் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. நான் வேகவைத்துக் கொடுத்த படம், எனக்குத் தெரியாதா?

செம்பு சாய்ந்தது. தண்ணீர் விழுந்தது.

பெரியப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். படத்தில் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கோயிலில் அதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது மண்டபம் முழுக்கப் பார்த்தது. என் தங்கையும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

சாப்பாடு வந்ததும் இரண்டாவது படத்தைப் போட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்குக் கோழி ருசி தெரிந்தது? "ஏய், அங்க பாரு, நம்ம அத்தை!" "அண்ணே, உங்க தொந்தி முன்னால வருது, நீங்க பின்னால வர்றீங்க!" என்று மேசைக்கு மேசை சத்தம். மீன்கார அம்மாள் தன் முகம் வந்ததும் கையில் இருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். கல்யாணப் பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதில், "இது நான் சொன்ன பத்து நிமிசத்துல சேராது பெரியம்மா" என்றாள். "சேராதுதான். உன்ன யாரு எண்ணச் சொன்னா?" என்றேன்.

பெரியப்பா கை கழுவிவிட்டு எங்கள் மேசைக்கு வந்தார். தங்கை எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீ சொன்ன மாதிரியே வந்துருச்சும்மா. இங்க ஒரே எரைச்சல், சரியாப் பாக்க முடியல. இத ஒரு தடவ நிம்மதியா உக்காந்து பாக்கணும்."

 இந்த இடத்தில் நான் பேசக் கூடாது.

"வீட்டுல டிவில போடலாம்" என்றாள் தங்கை. "உங்க தம்பி வீட்டுல."

அவர் ஜிப்பாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "டிவி பெருசா?" என்று கேட்டார்.

"பெருசுதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கை குரலைத் தாழ்த்திப் பேசினாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அக்கா, வந்துட்டாரு. பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு. சோபாவுல உக்காந்துக்கிட்டு மறுபடியும் மறுபடியும் அதையே போடச் சொல்றாரு."

"படம் எங்கயாவது நிக்குதா?" என்று கேட்டேன். தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே.

"ஒரு எடத்துலயும் நிக்கல, அது பாட்டுக்கு ஓடுது. இந்த மனுசன்தான் எழுந்திருக்க மாட்டேங்கிறாரு. நான் சோறு வடிக்கப் போறேன், போன வச்சிரு."